கை வைத்தியம்

பத்து நிமிஷத்துக்குப் போர்வையைத் தூக்கக் கூடாது, தூக்கினால் இதுவரை பிடித்த ஆவியெல்லாம் வீண் என்று சொல்லிவிட்டு அம்மா அடுக்களைக்குப் போனாள். சிவரஞ்சனி எண்ண ஆரம்பிப்பதற்குள் மூக்கிலிருந்து ஒரு சொட்டு இறங்கி, மேலுதட்டில் கொஞ்சம் நின்று யோசித்து, கொப்பரைக்குள் விழுந்தது. நல்லது, மருந்தில் அதுவும் ஒரு சரக்கு. நொச்சி இலை, மஞ்சள்தூள், ஒரு கை கல்லுப்பு, சிவரஞ்சனியின் மூக்குநீர். நேற்று இதே கொப்பரையில்தான் இட்லி வெந்தது, நாளைக்கும் இதில்தான் வேகும், தட்டில் வைத்து நீட்டும்போது யாரும் இதைப் பற்றி மூச்சு விட மாட்டார்கள். போர்வையோ வீட்டில் எல்லோருடைய தலையும் பட்ட போர்வை. ரயிலுக்குப் போய் வந்தது, ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தது, அத்தையின் கண் ஆபரேஷனுக்குக் கூட அவளோடு துணைக்குப் படுத்திருந்தது. மூக்கு அடைத்திருப்பதால் அதன் நாற்றம் தெரியவில்லை. ஆனால் நாக்கில் தெரிகிறது, பழைய தேங்காயெண்ணெயின் கசப்பு ஆவியில் வெந்து உருகி வாய்க்குள் வருகிறது. அப்படியென்றால் நாலு வருஷமாக இத்தனை பேருடைய மண்டையிலிருந்து வழிந்ததை இப்போது அவள் மருந்தென்று உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறாள். இழு, நல்லா இழு, நெஞ்சு வரைக்கும் இழு என்று சொல்லியிருக்கிறார்கள் அல்லவா, இழுத்தாள். குமட்டியது. வாயை மூடினால் மூச்சில்லை, மூக்கு இரண்டும் பூட்டிக்கிடக்கிறது, திறந்தால் தேங்காயெண்ணெய். இதில் எது வைத்தியம், எது நோய் என்று யாரிடமாவது கேட்க வேண்டும். கேட்பதற்குத்தான் குரல் இல்லை.

குரல் போய் நாலு நாளாகிறது. ஜலதோஷம் முதலில் மூக்குக்கு வந்து, பிறகு தொண்டைக்கு இறங்கி, கடைசியில் குரலைக் கையோடு கொண்டுபோய்விட்டது. இப்போது வாயைத் திறந்தால் காற்று மட்டும் வருகிறது, பஞ்சரான சைக்கிள் டயர் மாதிரி. பள்ளிக்கூடத்திலிருந்து பேச்சுப்போட்டிக்குப் போனவள், விடுதியில் மோர்க்குழம்பு தண்ணீராக இருக்கிறதென்று காப்பாளரிடம் முக்கால் மணி நேரம் வாதாடி வென்றவள், மொழியியலில் ஆராய்ச்சி செய்கிறவள், டீ வேண்டுமா என்று கேட்டால் தலையாட்டிக்கொண்டிருக்கிறாள். இந்த வீட்டுக்கு அது பிடித்துவிட்டது. அதுவும் போர்வைக்குள் இருப்பவளுக்குக் காது கேட்காது என்று இங்கே எல்லோருக்கும் ஒரு நினைப்பு. முன்னறையில் அப்பாவின் அக்கா ஆவுடையத்தை முருங்கைக்கீரை உருவிக்கொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி ரகசியம் பேசினாள். "சத்தம் போனதும் நல்லதுக்குத்தான் பகவதி. நாலு நாளா வீடு கோயில் மாதிரி இருக்கு பாத்தியா. இல்லன்னா ஒண்ணு சொல்ல முடியுதா? எதச் சொன்னாலும் ஏன்னுவா, எதுக்குன்னுவா." அம்மா உள்ளேயிருந்து, "போங்க மதினி, பாவம், அவளுக்கு இன்னைக்குப் பதினோரு மணிக்கு என்னமோ மீட்டிங்காம், கம்ப்யூட்டர்ல பேசணுமாம்" என்றாள். "என்னத்தப் பேசணுமாம்?" "படிப்பு விசயமாத்தான் இருக்கும்." "அதுக்கென்ன, உடம்புக்கு முடியலன்னு ஒரு சீட்டு எழுதிப் போட்டாப் போச்சு. அவா பேசாட்டா பூமி சுத்தாதா?" சரக் சரக்கென்று கீரை உருவுகிற சத்தம். சுற்றும் அத்தை, நன்றாகச் சுற்றும், அதுதானே இப்போது பிரச்சினையே.

பதினொன்றுக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது? உள்ளே வரும்போது பத்தேகால். வேண்டாம், அதை நினைக்கக் கூடாது, வேறு எதையாவது நினை, மிளகுப் பாலை நினை. மிளகுப் பாலை நினைத்ததும் அதன் ஆடை மேலண்ணத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. மஞ்சள் நிறத்தில், சுருங்கிப்போய், பாம்புச் சட்டை மாதிரி. முதல் நாள் சுக்குக் காப்பி. இரண்டாம் நாள் கற்பூரவல்லி இலையை வாட்டிப் பிழிந்த சாறு, பச்சையாக, கொழகொழவென்று, உள்ளே போவது மருந்தா வெளியே வர வேண்டிய சளியா என்று சந்தேகம் வருகிற மாதிரி. பிறகு விரலி மஞ்சளை விளக்கில் சுட்டு, அந்தப் புகையை ஒவ்வொரு மூக்காக இழுக்கச் சொன்னார்கள். புருவமயிர் பொசுங்கியதுதான் மிச்சம். நெற்றியில் சுக்குப் பற்று, காய்ந்து வெடித்து, தலையணையெல்லாம் மண். இதெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம், காரணம் கண்டுபிடிக்கிறார்களே அதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஜலதோஷம் ஒரு கிருமியால் வருகிறது, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு இருந்தது, அது வந்து மடியில் உட்கார்ந்து முகத்திலேயே தும்மியது, கதை முடிந்தது. ஆனால் இந்த வீட்டில் ஜலதோஷம் அப்படியெல்லாம் சும்மா வந்துவிடாது, ஏதாவது தப்புச் செய்திருந்தால்தான் வரும். ஈரத் தலையோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். ராத்திரி தயிர் போட்டுத் தின்றாள். செருப்பில்லாமல் தரையில் நடந்தாள். அன்றைக்கு விடிகாலை ஐந்து மணிக்கு, தீட்டின் மூன்றாம் நாள் தலைக்கு ஊற்றாமல் அடுக்களைக்குள் வரக் கூடாதென்று மார்கழிக் குளிரில் பச்சைத் தண்ணீரில் அவளை நிறுத்தியது யார் என்று மட்டும் ஒருவருக்கும் ஞாபகம் வராது. அந்தத் தண்ணீர் குளிர்ச்சி இல்லையாம், தயிர்தான் குளிர்ச்சியாம். எலுமிச்சை குளிர்ச்சி, வெந்நீரில் பிழிந்தால் சூடு. ஆரஞ்சு எப்படியானாலும் குளிர்ச்சி. இதற்கு ஓர் இலக்கணம் எழுத முடியுமா என்று மூன்று நாளாகப் பார்க்கிறாள், விதியை விட விதிவிலக்கு நீளமாகப் போகிறது. ஒன்று மட்டும் விளங்குகிறது, தப்பு எப்போதும் உடம்பு முடியாமல் கிடக்கிறவளிடம்தான் போய்ச் சேர்கிறது.

நெஞ்சுக்குள் கரகரவென்று ஏதோ நகர்ந்தது. ஆவி வேலை செய்கிறது போலிருக்கிறது. காறினால் வந்துவிடும், ஆனால் காறக் கூடாது. நேற்று முற்றத்தில் நின்று ஒரு தடவை நன்றாகக் காறித் துப்பியதற்கு, "பொம்பளப் பிள்ள மாதிரியாட்டி காறுதே, தெருவுல நாலு பேரு போறான் வாறான்" என்று அத்தை பதறிப்போய் ஓடி வந்தாள். வந்தவள் திட்டிவிட்டுப் போகவில்லை, குனிந்து உற்றுப் பார்த்தாள். "மஞ்சளா வருதா, பச்சையா வருதா?" என்று கேட்டாள். பச்சை என்றால் பழுத்துவிட்டது, இனிப் போய்விடும் என்று அம்மாவிடம் சந்தோஷமாக அறிவித்தாள். அவளுக்குள்ளிருந்து வந்ததை மூன்று பேர் சுற்றி நின்று நிறம் பார்த்தார்கள், அப்பா உட்பட. அவளுக்கு அங்கேயே தன் தோலைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடலாம் போலிருந்தது. சளி வெளியே வந்தே ஆக வேண்டும், ஆனால் வருகிற சத்தம் யாருக்கும் கேட்கக் கூடாது. இதுதான் சட்டம். இதே சட்டத்தைத்தான் அந்த மேடமும் போனில் சொன்னார்கள், வேறு வார்த்தையில். வேண்டாம், மேடத்தை நினைக்காதே. நினைக்காமல் எப்படி இருப்பது, பதினொன்றுக்குத் திரையில் முதலில் தெரியப்போவதே அந்த முகம்தான். அந்த மேடம் இருக்கிற பல்கலைக்கழக விசாரணைக் குழுவிலிருந்து வந்த மின்னஞ்சல் அவளுக்கு மனப்பாடம். புகார்தாரர் காணொளி வழியாக ஆஜராகி வாய்மொழியாக விளக்கம் அளிக்க வேண்டும், தவறும் பட்சத்தில் புகார் முடித்து வைக்கப்படும். எழுதிக் கொடுத்தால் போதாதா என்று கேட்டதற்கு, போதாது. தேதியை மாற்ற முடியுமா என்று கேட்டதற்கு, பதிலே இல்லை. முடித்து வைப்பது என்றால் என்ன அழகான வார்த்தை, கல்யாணத்தை முடித்து வைக்கிற மாதிரி, யாரோ பெரியவர்கள் கூடி நின்று நல்லது செய்கிற மாதிரி.

துணைவினைகள். அவளுடைய ஆராய்ச்சியே அதுதான், இரண்டு வருஷமாக. முதல் வினைக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டு அதன் குணத்தை மாற்றுகிற சின்ன வினைகள், வை, கொள், கொடு, விடு. தலை வாரினாள் என்றால் தன் தலையை வாரினாள். வாரிவிட்டாள் என்றால் இன்னொருத்தியின் தலையை, அன்பாக. சோறு ஊட்டிவிட்டாள், பொட்டு வைத்துவிட்டாள், முதுகு தேய்த்துவிட்டாள். இந்த 'விடு' வந்து உட்கார்ந்தால் போதும், செய்தவர் உபகாரியாகிவிடுவார், செய்யப்பட்டவர் நன்றிக்கடன் பட்டவராகிவிடுவார். இதை ஒரு கருத்தரங்கில் அவளே கட்டுரையாக வாசித்திருக்கிறாள், கை தட்டினார்கள். அப்படிப்பட்டவள் புகார்க் கடிதத்தில் என்ன எழுதினாள்? 'என் நெறியாளர் எனக்குத் தைலம் தேய்த்துவிட்டார்.' எழுதி, மூன்று தடவை படித்து, ஒற்றுப்பிழை பார்த்து, கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். வாய்ப்பழக்கத்தில், வீட்டில் காலம் காலமாகச் சொல்லிக் கேட்ட மாதிரியே விழுந்துவிட்டது. போன வாரம் மேடம் கூப்பிட்டார்கள். "நீயேதானம்மா தேய்த்துவிட்டார்னு எழுதியிருக்கே? படிச்சா உதவி பண்ணின மாதிரில்ல இருக்கு? அவரும் அதைத்தான் சொல்றார். பொண்ணுக்கு மூக்கடைப்பா இருந்துது, வீட்ல பண்ற மாதிரி கை வைத்தியம் பண்ணேன், அவளுக்கு நான் அப்பா மாதிரின்னு. நீ வேற மாதிரி சொல்றதா இருந்தா வந்து வாயால சொல்லு. ஆனா ரொம்ப விஸ்தாரமா வேண்டாம், எல்லாருக்கும் சங்கடம்." எல்லோருக்கும் சங்கடம்! எல்லோரும் என்றால் யார் யார் என்று அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டும், அன்றைக்குக் குரல் இருந்தது, கேட்கவில்லை. சரி மேடம் என்றாள். போனை வைத்துவிட்டார்கள். அதுவும் ஒரு விடு.

வேர்வை கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. துடைத்தால் மஞ்சள். துறை அறையில் அன்றைக்கும் மூக்கு இப்படித்தான் அடைத்திருந்தது. கார்த்திகையில், மழை பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், இரண்டாம் இயலைத் திருத்திக் கொடுப்பதற்காக நெறியாளர் கூப்பிட்டார். அவள் தும்மினாள். இரண்டாவது தும்மலுக்கு மேஜை இழுப்பறையைத் திறந்தார். அந்தச் சத்தம், மரம் மரத்தில் உரசுகிற அந்தச் சத்தம் இப்போதும் வருகிறது, இல்லை, அது வெளியே அத்தை மணையை நகர்த்துகிறாள். சின்னப் பச்சைக் குப்பி. எங்க வீட்டில் இங்கிலீஷ் மருந்தே கிடையாதும்மா, எல்லாம் கை வைத்தியம்தான், திரும்பு. திரும்பினாள். ஏன் திரும்பினாய் என்று எத்தனை தடவை தன்னையே கேட்டிருப்பாள், குழுவும் கேட்கும், வேறு யார் யாரோ கேட்பார்கள். திரும்பு என்றால் திரும்பித்தானே பழக்கம், பிறந்ததிலிருந்து யார் யாரோ குப்பியோடு வந்து திரும்பு என்றிருக்கிறார்கள், வாயைத் திற என்றிருக்கிறார்கள், மூச்சை இழு என்றிருக்கிறார்கள். முதலில் நெற்றிப்பொட்டு. பிறகு பிடரி. பிறகு. இங்கே வந்ததும் நினைவு ஒவ்வொரு தடவையும் நின்றுபோகிறது, மழைச் சத்தத்துக்குத் தாவிவிடுகிறது, இரண்டாம் இயலில் அவர் சிவப்பில் வட்டமிட்ட ஒரு அடிக்குறிப்புக்குப் போய்விடுகிறது. அடைத்த மூக்கைக் கூடத் துளைத்துக்கொண்டு ஏறிய அந்தக் காரம். தோலில் முதலில் குளிர்ந்து, பிறகு எரிந்து. மூன்று தடவை சோப்புப் போட்டுக் குளித்தும் போகவில்லை, துணியைத் தோய்த்தும் போகவில்லை, அந்தச் சுடிதாரைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு அதன் மேல் டீத்தூள் சக்கையைக் கொட்டினாள். இப்போது பஸ்ஸில் யாராவது குப்பியைத் திறந்தால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுகிறாள்.

"நானும் எத்தன பிள்ளைகளுக்குப் பாத்திருக்கேன்" என்று முன்னறையில் அத்தையின் குரல் ஏறியது. "காலைல எந்திரிச்சதும் பிடரியில கொஞ்சம் தைலம் தேய்ச்சுவிடலாம்னு போறேன், கையப் படார்னு தட்டிவிடுதா பகவதி! குப்பி உருண்டு கட்டிலுக்கு அடில போயிட்டு. நான் என்ன வேத்தாளா? தூக்கி வளத்த கை இது." அம்மா ஏதோ சமாதானம் சொன்னாள், சரியாகக் கேட்கவில்லை. அத்தையிடம் போய் என்ன சொல்வது? உங்கள் கை மேல் கோபமில்லை என்று சொன்னால், பின்னே யார் கை என்று கேட்பாள். அங்கேதான் சிக்கல். இந்த வீட்டில் இருப்பது இரண்டே அறை, நடுவில் கதவு கிடையாது, ஒரு துணித்திரை. பதினொன்றுக்குக் கம்ப்யூட்டர்த் திரையிடம் சொல்வது இந்தத் துணித்திரைக்கு வெளியேயும் கேட்கும். குரல் வராவிட்டால் புகார் முடித்து வைக்கப்படும். குரல் வந்தாலோ, ஏன் திரும்பினே, அப்பவே ஏன் சொல்லல, இனி படிச்சது போதும். அவளுக்கே ஒரு சந்தேகம் இருக்கிறது, அருவருப்பான சந்தேகம், நாலு நாளாக அது இந்த நொச்சித் தண்ணீரைப் போல அடியில் கொதித்துக்கொண்டிருக்கிறது. குரல் கிருமியால் போகவில்லையோ? தானே விழுங்கிவிட்டாளோ? உடம்பு முடியவில்லை என்று ஒரு சீட்டு எழுதிப் போட்டால் போச்சு என்று அத்தை சொன்னபோது நெஞ்சுக்குள் ஒரு மூலையில் அப்பாடா என்று ஒன்று உட்கார்ந்ததே, அதுவும் அவள்தானே? சீ என்று வந்தது. அந்தச் சீ யார் மேல் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை, அவர் மேலா, மேடம் மேலா, தண்ணீரில் ஊறிக் கறுத்த இலைகளின் மேலா, குனிந்து குனிந்து இழுத்துக்கொண்டிருக்கிற தன் மேலேயா.

போர்வையின் ஒரு பக்கம் தூக்கப்பட்டது. வெளிச்சம் ஒரு கீற்றாக வந்து போனது. அம்மாவின் தலை உள்ளே நுழைந்தது. "எனக்கும் ஒட்டிக்கிட்டு பாத்தியா, சவம், ரெண்டு காதும் அடைச்சிக் கிடக்கு. தண்ணி ஆறுமுன்ன நானும் ரெண்டு இழுப்பு இழுத்துக்கிடுதேன், தள்ளி உக்காரு" என்றாள். காது அடைத்திருந்ததால் கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள். இரண்டு பேருடைய முழங்கால்களும் முட்டிக்கொண்டன. மங்கலில் அம்மாவின் மூக்குத்தி வேர்த்திருந்தது. அம்மாவின் மூக்கிலிருந்தும் ஒரு சொட்டு விழுந்தது. இவ்வளவு பக்கத்தில் அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பல வருஷம் இருக்கும், துளைகள், ரோமம், கன்னத்து மரு. யாருமே பக்கத்தில் அழகாக இருப்பதில்லை என்று தோன்றியது. தோன்றிக்கொண்டிருக்கும்போதே வாய் பேசிவிட்டது. குரல் இல்லை, காற்றுதான். "அம்மா, எங்க சார் எனக்குத் தைலம் தேய்ச்சுவிட்டாரு." சொல்லி முடித்ததும் தூக்கிவாரிப் போட்டது. மறுபடியும் அதே விடு. பழக்கம் நாக்கில் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அம்மா கண்ணை மூடி இழுத்துக்கொண்டிருந்தாள். "என்ன? கேக்கலட்டி. என்னமும் வேணுமா?"

அம்மாவுக்குக் கேட்கவில்லை. அப்படியே விட்டுவிடலாம், வெந்நீர் என்று சொல்லலாம், ஒன்றுமில்லை என்று கையை ஆட்டலாம். "எங்க சார்" என்றாள் மறுபடியும், தொண்டையை அழுத்தி. ஏதோ கிழிகிற மாதிரி இருந்தது. "தைலம் தேய்க்கிறேன்னு சொல்லி." அதற்கு மேல் வரவில்லை. "சாரா? எந்த சாரு? தைலமா? அத்தைட்ட கேட்டா குடுப்பா" என்றாள் அம்மா. அத்தையிடம் கேட்டால் கொடுப்பாளாம். அந்தப் பதிலில்தான் சிவரஞ்சனிக்கு உச்சியில் ஏறியது. இதுதானே, ஒவ்வொரு தடவையும் இதுதானே, நோயைச் சொல்ல வாயைத் திறந்தால் அதற்குள் மருந்தோடு வந்து அடைத்துவிடுவது. நெஞ்சுக்குள் திரண்டிருந்ததை, தெருவில் நாலு பேர் போகட்டும் வரட்டும் என்று, அடிவயிற்றிலிருந்து ஒரு காறு காறினாள். கொப்பரைக்குள்ளேயே துப்பினாள். அம்மா அரண்டு பின்னால் சாய்ந்தாள். "தேய்ச்சுவிடல. கழுத்து வழியா உள்ள கைய விட்டாரு. நான் வேண்டாம் சார்னு சொன்னேன். எடுக்கல."

குரல் வந்திருந்தது. அவளுடைய குரல் மாதிரியே இல்லை, துருப்பிடித்த கேட்டைத் திறக்கிற மாதிரி ஒரு சத்தம், ஆனால் வந்திருந்தது. முன்னறையில் கீரை உருவுகிற சத்தம் நின்றது. பிறகு அம்மா அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தாள், வழுக்கியது, மறுபடியும் பிடித்தாள். "ஏ பகவதி, என்ன சொல்லுதா அவா?" என்று வெளியிலிருந்து அத்தை கேட்டாள். அம்மாவின் உதடு பிரிந்தது. அதில் என்ன வரப்போகிறது என்று சிவரஞ்சனிக்குத் தெரியும், ஒண்ணுமில்ல மதினி, இந்த வீட்டில் சோறு என்கிற சொல்லைவிட அதிகம் புழங்குகிற வாக்கியம் அது. அம்மா கெட்டவள் இல்லை, அந்த வாக்கியம் தானாகவே வந்துவிடும், அவ்வளவுதான். அது வருவதற்குள் சிவரஞ்சனி போர்வையை உருவித் தரையில் எறிந்தாள். வெளிச்சம் முகத்தில் அறைந்தது. ஈரத் தலையோடு, மூக்கு ஒழுக ஒழுக, திரையை விலக்கிக்கொண்டு போய் அத்தையின் முன்னால் நின்றாள். எங்க சார், என்னைத் திரும்பச் சொல்லி, கழுத்து வழியா உள்ள கைய விட்டாரு, வேண்டாம்னு சொன்னேன், எடுக்கல. ஒட்டு இல்லாமல், ஒரு வினையைக் கூட மழுப்பாமல், முழுசாகச் சொன்னாள். பாதியில் இருமல் வந்தது, இருமிவிட்டுச் சொன்னாள்.

அத்தை வாயைத் திறந்தாள். இதற்கும் ஏதாவது வைத்திருப்பாள், ஒரு கஷாயம், ஒரு பற்று, உன் மேலதான் தப்பு என்று ஆரம்பிக்கிற ஏதாவது ஒன்று, என்று சிவரஞ்சனி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அத்தையோ மடியிலிருந்த கீரைக் காம்புகளை ஒவ்வொன்றாக எடுத்து முறத்தில் போட்டாள், பிறகு போட்டதையே திரும்ப எடுத்தாள். சுவரில் பத்தரை. பின்னால் அம்மா வந்து நின்றாள். முகத்தை முந்தானையால் துடைக்கவில்லை, ஆவித் தண்ணீரும் மற்றதும் கழுத்து வரை வழிந்துகொண்டிருந்தது. "பதினோரு மணி மீட்டிங்குல அவங்கட்டயும் இதே மாதிரிதான் சொல்லணுமா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சிவரஞ்சனி தலையாட்டப் போனாள், பிறகு ஆட்டாமல், வாயைத் திறந்து, "ஆமா" என்றாள்.

"சரி" என்றாள் அம்மா. சாப்பாட்டு மேஜை மேல் கிடந்த சுக்கையும் மிளகையும் குப்பிகளையும் முந்தானையில் வாரி ஒதுக்கினாள். "கம்ப்யூட்டர எந்தப் பக்கம் பாக்க வைக்கணும்?"